அண்ணன் ஊற்றிய தண்ணீர்

முதலில் அநியாயம் செய்தவன் கொம்பையா. பின்னால் ஊர் செய்தது, பூசாரி செய்தது, வாசலார் கண்டும் காணாமல் போனது எல்லாமே அவன் உடைத்துவிட்ட மடையில் வந்த தண்ணீர்தான் என்று சங்கிலி தொண்ணூற்றொரு வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தார், கேட்க ஆள் இருந்தால் ஆளிடம் சொன்னார், ஆள் இல்லாதபோது வேம்பில் கட்டியிருந்த கிடாயிடம் சொன்னார். கொம்பையா அவருடைய கூடப்பிறந்த அண்ணன். ஊரில் அவனுக்குக் கோயில் இருக்கிறது.

நடைவாசல் என்ற அந்த ஊரில் யாரும் செத்தார் என்று சொல்வதில்லை, வாசலார் வந்தார் என்றுதான் சொல்வார்கள். வாசலார் தெற்கேயிருந்து நடந்தே வருவார், எருமை கிடையாது, கயிறு கிடையாது, முழங்கால் வரை அப்பிய செம்புழுதியும் தோளில் ஒரு துண்டும் வெகுதூரம் நடந்த களைப்பும்தான் அவருக்கு அடையாளம். வாசலில் வந்து நிற்பார். உள்ளே வா என்றால் வர மாட்டார், உட்கார் என்றால் உட்கார மாட்டார், பேரைச் சொல்லிக் கூப்பிடவும் மாட்டார். கூப்பிட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, ஏனென்றால் அந்த ஊரில் பிள்ளை பிறந்த பதினாறாம் நாள் பாத்திரக்கடையில் பேர் வெட்டி ஒரு பித்தளைச் சொம்பு வாங்கி, ஊரணித் தண்ணீரை ஒரே ஒரு தடவை அதில் நிறைத்து, நிலைக்கு வலப்பக்கம் ஆணியில் தொங்கவிடுவார்கள், அந்தத் தண்ணீர் ஆயுசுக்கும் வற்றாது, பாசி பிடிக்காது, யாருடைய முறை வந்ததோ அவருடைய சொம்பு அன்று காலையில் அடுப்பிலிருந்து இறக்கியதுபோலச் சுடும். சுட்ட சொம்பை எடுத்து வாசலார் காலில் ஊற்ற வேண்டும். புழுதி கரைந்ததும் அவர் திரும்பி நடப்பார், ஊற்றியவர் பின்னாலேயே போவார், ஈரப் படியில் உடம்பு மட்டும் அசந்து தூங்குவதுபோலக் கிடக்கும். அதற்குப் பிறகு சொம்பைக் கவிழ்த்து மாட்டுவார்கள். கவிழ்த்த சொம்பில் எதை ஊற்றினாலும் நிற்காது, ஓட்டை இல்லாமலே ஒழுகிவிடும்.

ஊருக்குத் தெற்கே பொட்டலில் சுவரும் கூரையும் இல்லாமல் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தி வெறும் வாசல் ஒன்று நிற்கிறது, அதுதான் வாசலார் கோயில். உள்ளே சாமி கிடையாது, உள்ளே என்று ஒன்றே கிடையாது. வெள்ளிக்கிழமை போய்க் கல்லில் தண்ணீர் ஊற்றி, நல்ல நேரத்தில் வா, நடமாட்டம் இருக்கும்போதே வா, பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களிடம் வா என்று கேட்டுக்கொள்வார்கள். கேட்டபடி அவர் நடந்ததும் உண்டு, நடக்காததும் உண்டு. யாரும் கோபித்துக்கொண்டதில்லை. இவ்வளவு தூரம் நடந்து வருகிற ஆளிடம் என்ன கோபித்துக்கொள்வது?

சங்கிலிக்கு இருபத்துநாலு வயதில் மேலக்காட்டு இருளாயியைத் தம்பிக்குப் பேசி முடித்து வரலாம் என்று கொம்பையா வெற்றிலைத் தட்டோடு போனான். எனக்குக் கல்யாணமே வேண்டாம், தம்பி வாழ்ந்தால் போதும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். போனவன் மூன்றாம் நாள் கழுத்தில் மாலையோடு, பக்கத்தில் இருளாயியோடு வந்து இறங்கினான். "மூத்தவன் இருக்க எளையவனுக்கு எப்படிக் குடுக்கிறதுன்னு கேட்டுட்டாகடா, நான் என்ன செய்ய?" என்றான். சங்கிலி மறுநாள் மண் குழைத்து, முற்றத்தின் நடுவே நெஞ்சு உயரத்துக்குச் சுவர் எழுப்பினார், இந்தப் பக்கம் தனியாகப் பொங்கித் தின்றார், கட்டிக்கொள் என்று யார் யாரோ பெண் பேசிக்கொண்டு வந்தபோது வேண்டாம் என்றார்.

அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. தெருவில் நின்று, நாலு பேர் காதுபட, "தம்பி, நான் செஞ்சது தப்பு" என்று கொம்பையா சொல்ல வேண்டும். நிலம் கேட்கவில்லை, பெண்ணைத் திருப்பிக் கேட்கவில்லை. பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள். "சொல்றேன், சொல்ல மாட்டேன்னா சொன்னேன், தை பிறக்கட்டும்" என்பான் கொம்பையா. பதினாலு தை பிறந்து போனது.

சங்கிலியின் முப்பத்தெட்டாவது வயதில் ஒரு தை மாதக் காலையில் அவருடைய சொம்பு சுட்டது. தொட்ட விரல் கொப்புளித்தது. எட்டிப் பார்த்தால் வாசலில் வாசலார் நிற்கிறார். தெரு முழுக்க வேலையைப் போட்டுவிட்டு வந்து இரண்டு பக்கமும் வழக்கப்படி கைகட்டி நின்றுவிட்டது. சங்கிலிக்குப் பயம் வரவில்லை, பதினாலு வருஷத்தில் வராத சந்தோஷம்தான் வந்தது. போகிறவர் கேட்டதை மறுக்கக் கூடாது என்பது நடைவாசலின் சட்டம். கறிசோறு கேட்டவர்கள் உண்டு, விற்ற மாட்டைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றவர்கள் உண்டு, எதைக் கேட்டாலும் ஊர் ஓடிப்போய்க் கொண்டுவரும், அதுவரை வாசலார் நிற்பார். இன்றைக்கு அண்ணனைக் கூப்பிட்டுத் தெருவில் நிறுத்திச் சொல்லுடா என்றால் அவன் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த வார்த்தையை அழுக்கு வேட்டியோடு வாங்கிக்கொள்ள சங்கிலிக்கு மனம் ஒப்பவில்லை. அதுதான் அவர் செய்த தவறு. சொம்பைப் படியில் வைத்தார், "செத்த நேரம் நில்லுங்க" என்று வாசலாரிடம் சொன்னார், வெளுத்த வேட்டி எடுக்க உள்ளே போனார். அது டிரங்குப் பெட்டியில் அடியில் கிடந்தது. மேலே கிடந்ததை எல்லாம் எடுத்துப் போட்டு, உதறி, மடிப்புக் கலையாமல் இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

ஓடிவந்து பார்த்தார். சுவரைத் தாண்டிக் குதித்து வந்த கொம்பையா, தம்பியின் படியில் தலைவைத்து, தம்பியின் சொம்பைக் கையில் பிடித்தபடி கிடந்தான். கன்னத்தில் ஈரம். முகம், தப்பித்து ஓடிவந்து மூச்சு வாங்குகிறவனின் முகம்போல இருந்தது என்று சங்கிலி சொல்வார், தெய்வக்களை என்று ஊர் சொல்லும். புளியமரம் வரை போய்விட்ட வாசலாரின் பின்னால் சங்கிலி கத்திக்கொண்டே ஓடினார். வாசலார் நின்று திரும்பி, அந்த வீட்டில் தன் வேலை முடிந்தது என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார்.

அடுத்தவர் சொம்பை எடுத்து ஊற்றலாம் என்பது அதுவரை அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றியதே இல்லை. அதனால் கொஞ்ச நேரம் யாருக்கும் அழுகை வரவில்லை. பிறகு பூசாரி வீரணன் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "அண்ணன்னா இவன்ல அண்ணன்!" என்று ஒரு கத்துக் கத்தினான், அவ்வளவுதான், மத்தியானத்துக்குள் கொம்பையா சாமியாகிவிட்டான். 'என் தம்பிக்குப் பதிலா நான் வாரேன்' என்று வாசலார் காலைப் பிடித்துச் சொன்னான் என்றார்கள், பத்தடி தள்ளி நின்றவர்களும் தங்கள் காதால் கேட்டதாகச் சொன்னார்கள்.

சங்கிலியின் சொம்பு கவிழ்ந்துவிட்டது, இனி அவருக்காக ஊற்றத் தண்ணீர் இல்லை, வாசலார் வர வழியும் இல்லை. கொம்பையாவின் சொம்போ தண்ணீர் நிறைந்து நிமிர்ந்தபடி ஆணியில் தொங்கியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சங்கிலி ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"என் சொம்பை அவன் எடுத்துட்டான். அவன் சொம்பை எனக்குக் குடுங்க. அம்புட்டுத்தான்."

"அண்ணன் உசுரையே குடுத்துட்டுப் போயிருக்கான், இவனுக்குப் பாத்திரம் வேணுமாம்ல" என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

"சங்கிலி, அது இப்பச் சொம்பு இல்லப்பா" என்றான் வீரணன். "சாமி."

"சாமின்னா அது எங்கண்ணன் இல்லை. எங்கண்ணன்னா அது சாமி இல்லை. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்கய்யா."

"ரெண்டும்தான்."

அந்தச் சொம்பைக் கொண்டுபோய்ப் பொட்டலில் கல் நிலையின் உச்சியில் பதித்தார்கள். வருஷா வருஷம் தை மாதம் அண்ணன் திருவிழா என்று ஒன்று வந்தது. பாகப்பிரிவினையில் அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளை அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்துக் கூட்டிவந்தார்கள், அவர்கள் சொம்புக்குக் கீழே கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, திரும்பிப் போகிற வழியில் மறுபடி அடித்துக்கொண்டார்கள். சங்கிலிக்கு மாலை போட்டு நிலைக்கு அடியில் உட்காரவைத்தார்கள், அண்ணன் கொடுத்த உயிர் என்று புதுமாப்பிள்ளைகள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவர் மாலையைப் பிய்த்து எறிந்து, அண்ணனைப் பிறந்த நாளிலிருந்து தொடங்கிச் செத்த நாள் வரை வண்டை வண்டையாகத் திட்டினார். முதல் வருஷம் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் மழை பெய்தது. இரண்டாம் வருஷம் திட்டும்போது பெண்கள் குலவை போட்டார்கள். மூன்றாம் வருஷம் மைக் வைத்தார்கள்.

ஒரு வருஷம் வேண்டுமென்றே வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஊர் பதறிப்போனது. "பெரியப்பா, கம்மாயைப் பாருங்க, வெடிச்சுக் கிடக்கு. ரெண்டே ரெண்டு கெட்ட வார்த்தை. குடும்பத்தைக்கூட இழுக்க வேணாம்" என்று கெஞ்சினார்கள். ஆத்திரம் தாங்காமல் அவர் அண்ணனை விட்டுவிட்டு அங்கிருந்த அத்தனை பேரையும் திட்டினார். அன்று பெய்த மழையில் கரை உடைந்தது. மழையையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே நனைந்து வீட்டுக்கு வந்தார்.

அண்ணன் செய்தது அவ்வளவு நல்ல காரியம் என்றால் ஏன் இன்னொருத்தன் செய்யவில்லை என்று அவர் எதிர்ப்பட்டவரை எல்லாம் நிறுத்திக் கேட்டார். அவருடைய ஐம்பதாவது வயதில் நல்லபாம்பு கடித்தது, நுரை தள்ளி எட்டு நாள் கிடந்தார், வாசலார் வரவில்லை, கால்தான் கறுத்துப் பனந்தூர் மாதிரி நின்றுவிட்டது. அறுபத்துமூன்றில் கிணற்றில் விழுந்து மூன்று நாள் தண்ணீருக்கடியில் கிடந்தார், பாதாளக்கரண்டி போட்டு இழுத்தபோது கண்ணை விழித்துப் பார்த்தார், மீன்வாடை அதற்கப்புறம் உடம்பை விட்டுப் போகவே இல்லை. பிள்ளையின் சொம்பைத் தூக்கித் தாங்களே ஊற்றிவிடலாம் என்று நினைத்த தாய்மார்கள் இருந்தார்கள். ஆனால் தெருவில் காலை இழுத்துக்கொண்டு போகிற சங்கிலியைப் பார்த்துவிட்டால் அவர்களுக்குக் கை வரவில்லை. வீரணனின் சொந்தத் தம்பிக்கே ஒருநாள் சொம்பு சுட்டது. வீரணன் பத்தடி தள்ளிக் கைகட்டி நின்றான்.

"ஓய் பூசாரி, எடுத்து ஊத்துறது! தம்பில்லா போறான்!" என்றார் சங்கிலி, எதிர்வீட்டுத் திண்டில் இருந்து.

"அந்தப் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காதுய்யா" என்றான் வீரணன், நிமிர்ந்து பார்க்காமல்.

எழுபதாவது வயதில் ஒரு உச்சி வெயிலில் அந்தக் கறுத்த காலோடு கல் நிலையில் ஏறி அண்ணனின் சொம்பைப் பெயர்த்து எடுத்தார் சங்கிலி. மூன்று நாள் மடியில் வைத்துக்கொண்டு அது சுடுவதற்குக் காத்திருந்தார். சொம்பு தை மாதத்து ஊரணி போலக் குளிர்ந்து கிடந்தது, தொடை மரத்துப்போனது. அண்ணனின் முறை எந்த வருஷத்தில் எந்த மாதத்தில் இருந்ததோ, அதுவரை அது சுடாது என்று அப்போதுதான் உறைத்தது. நாலாம் நாள் ஊர் வந்து வாங்கிப்போய் மறுபடி பதித்து, கிரில் கம்பியில் கூண்டு செய்து பூட்டியது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருளாயி இருந்தாள். பிள்ளை இல்லை. சாமி வீட்டம்மா என்று ஊர் அவளுக்குப் பட்டம் கட்டியது, கல்யாண வீட்டில் முதல் பந்தி கொடுத்தது, ஆனால் அவள் டிவியில் ஏதோ பார்த்துச் சத்தமாகச் சிரித்தால் சாமி வீட்டம்மா இப்படிச் சிரிக்கலாமா என்று கேட்டது. அவளுடைய அம்மி அரைக்கிற சத்தத்தையும் இருமலையும் சங்கிலி அறுபத்தேழு வருஷம் கேட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மதினி என்று கூப்பிட்டால் அண்ணன் செய்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும், இருளாயி என்று கூப்பிட அவருக்கு உரிமை இல்லை.

அவருக்குத் தொண்ணூற்றொன்று நடந்த வருஷம், அண்ணன் திருவிழா அன்று, காலையிலேயே ஊர் மொத்தமும் பொங்கல் வைக்கப் பொட்டலுக்குப் போய்விட்டது. சாயங்காலம் ஆட்டோ அனுப்புகிறோம், தொண்டையை வைத்துக்கொள்ளுங்கள் என்று சங்கிலியிடம் சொல்லியிருந்தார்கள். தெருவில் ஈ காக்கை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"கொழுந்தனாரே, இருக்கீகளா?"

"இல்லாம எங்க போனேன்?"

"சொம்பு சுடுது. வாசல்ல ஆள் நிக்குறாரு. வந்தா வாங்க."

கம்பை ஊன்றி, சுவரைச் சுற்றி, அந்த வீட்டு வாசலுக்கு முதல் தடவையாக வந்தார் சங்கிலி. வாசலார் நின்றுகொண்டிருந்தார். அதே துண்டு, அதே புழுதி. எங்கோ பார்த்த ஆள் என்பதுபோல சங்கிலியை ஏற இறங்கப் பார்த்தார். இருளாயி படியில் உட்கார்ந்து, முந்தானையைச் சுற்றிச் சொம்பை மடியில் வைத்திருந்தாள்.

"வேணுமா?" என்றாள்.

அவர் கம்பைச் சுவரில் சாய்த்தார். "நீ?"

"நான் உங்க எடத்துல உக்காந்துக்கிடுறேன். தைக்குத் தை மாலை விழும். ஏச்சு உங்களைவிட எனக்கு நல்லா வரும், உள்ளுக்குள்ளயே ஏசிப் பழகுனவ."

சங்கிலி கையை நீட்டினார். ஐம்பத்துமூன்று வருஷமாகத் தேடிய சூடு உள்ளங்கையில் அடித்தது. இன்னும் ஒரு விரல்கடைதான். அந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

"அன்னைக்கு அவன் செவரு ஏறுறதுக்கு முன்ன உங்கிட்ட ஏதும் சொன்னானா?"

இருளாயி சிரித்தாள். "அதானே, இன்னும் கேக்கலையேன்னு பார்த்தேன். சொன்னாரு."

"என்ன சொன்னான்?"

"ரெண்டுல ஒண்ணுதான் தருவேன். தண்ணியா, வார்த்தையா? ரெண்டையும் உங்களுக்குக் குடுத்துட்டா, நான் எதை வச்சுக்கிட்டு இங்க கிடக்குறது? சீக்கிரம் சொல்லுங்க, அவருக்குக் கால் வலிக்கும்."

தண்ணீர் என்று சொல்லத்தான் சங்கிலி நினைத்தார். கறுத்த கால் தண்ணீர் என்றது, மீன்வாடை அடிக்கிற உடம்பு தண்ணீர் என்றது. வாய்தான், "வார்த்தை" என்றது.

"நீங்க வெள்ளை வேட்டி எடுக்க உள்ள போனதச் செவத்துக்கு மேல எட்டிப் பார்த்தாரு. 'இருளாயி, இவன் என்னையத் தெருவுல நிப்பாட்டி அதைச் சொல்லச் சொல்லப் போறான்டி, போறவன் கேட்டா மறுக்கவும் முடியாதே'ன்னாரு. செத்த நேரம் நின்னாரு. 'அதுக்கு இது லேசு'ன்னாரு. தாண்டிட்டாரு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். உங்களுக்காவும் இல்லை, எனக்காவும் இல்லை. வாயத் தொறக்க மாட்டாமச் செத்தாரு. அதுக்குத்தான் அங்க கொட்டு."

பொட்டலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. தான் சொன்னதுதான் சரி, ஐம்பத்துமூன்று வருஷமும் தான் சொன்னதுதான் சரி என்று சங்கிலிக்கு நெஞ்சு விம்மியது. "இதை ஊர்ல சொல்லிட்டுப் போ. எனக்காக."

"போறவ நானு. கேக்க வேண்டியவளும் நான்தான்" என்றாள் இருளாயி. "மறுக்கக் கூடாது. உங்கண்ணன் பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கப்பா தலைய ஆட்டுனாரு, என்னைய யாரும் கேக்கலை. நீங்களும் கேக்கலை. மறுநாளே மண்ணைக் குழைச்சீக, பறிபோன பண்டம் மாதிரி என்னைய அறுபத்தேழு வருசம் மொறைச்சீக. 'இருளாயி, நான் செஞ்சது தப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தா, தெருவுல ஒரு குஞ்சு கிடையாது. உங்களுக்கு அது லேசுதான்."

சங்கிலி வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமினார், துண்டால் முகத்தைத் துடைத்தார், தப்பு செய்தவன் அவன், கேட்க வேண்டியது அவனிடம் என்று சொல்லலாமா என்று பார்த்தார். வாசலார் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார்.

இருளாயி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "விடுங்க. அவரு கூடப் பொறந்தவுகதான நீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து, சொம்பை இரண்டு கையாலும் சாய்த்து ஊற்றினாள். ஆவி பறந்தது. வாசலார் துண்டால் பாதத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். கூனில்லாமல், இருமல் இல்லாமல், திரும்பிப் பார்க்காமல் அவள் பின்னால் போனாள்.

சொல்லத்தான் வாயெடுத்தேன், இன்னும் ஒரு நொடி பொறுத்திருந்தால் சொல்லியிருப்பேன், அவளுக்குப் பொறுமை இல்லை என்று சங்கிலி அதற்கப்புறம் கிடாயிடம் சொல்வார். அண்ணனும் ஏமாற்றினான், அவன் பெண்டாட்டியும் ஏமாற்றினாள் என்பார்.

சாயங்காலம் ஆட்டோக்காரன் வந்து பார்த்து, ஊரைக் கூட்டினான். மதினி காலடியில் உட்கார்ந்து வழியனுப்பிவைத்தாரே, என்ன குடும்பம் இது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளை எடுத்துப் போட்ட கையோடு, நேரம் தவறக் கூடாது என்று சங்கிலியைத் தூக்கிப்போய் நிலைக்கு அடியில் உட்காரவைத்து மைக்கைக் கொடுத்தார்கள். அவர் அன்று ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. கொம்பையா சுவர் ஓரம் நின்று சொன்னதை, இருளாயி சொன்னது சொன்னபடி, எழுத்துக்கு எழுத்து மைக்கில் சொன்னார். என் அண்ணன் எனக்காகச் சாகவில்லை, ஒரு வார்த்தை சொல்ல மாட்டாமல் செத்தான் என்றார்.

கூட்டத்தில் எங்கோ ஒரு கிழவி தொடங்க, பெண்கள் அத்தனை பேரும் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். இந்த வருஷம் ஏச்சு புதுசு, நல்லா உறைக்குது என்று ஆண்கள் தலையை ஆட்டினார்கள். மேற்கே இடி இடித்தது.

இப்போதும் சங்கிலி தினமும் காலையில் கம்பை ஊன்றிப் பொட்டலுக்குப் போகிறார். கூண்டுக்கு எட்டும்படி யாரோ ஒரு கல்லைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஏறி, கம்பிக்குள் இரண்டு விரலை விட்டுச் சொம்பைத் தொடுகிறார். கொம்பையா என்று வெட்டிய எழுத்து விரலில் தட்டுகிறது.

"சொல்லு" என்கிறார்.

குளிர்ந்துதான் இருக்கிறது. விரலை எடுக்காமல் நிற்கிறார்.